மைக் யாரு கேட்டது

எங்க தொழில்ல போன் வந்தா முதல் கேள்வி, நல்லதா கெட்டதா. நல்லதுன்னா தேதியக் கேட்டுக்கிட்டு ஆற அமரப் பேசலாம். கெட்டதுன்னா பேச்சே கிடையாது, லோரிய எடுத்துக்கிட்டு உடனே கிளம்பணும். நான் கெமா வாடகைக்கு விடுறவன். இரும்புக் காலை நிறுத்தி மேல துணிய இழுத்துக் கட்டுற பந்தல், அதைத்தான் இங்க எல்லாரும் கெமாங்கிறோம். அது கூடவே நாற்காலி, மேசை, காத்தாடி எல்லாம் போகும். மைக் மட்டும் தனி. வேணும்னு யாராவது கேட்டாத்தான் லோரியில ஏத்துவேன். அதனால நான் எங்க மைக் வச்சாலும் அதை ஒரு ஆளு கேட்டிருக்கணும். இந்த ஒரு சின்ன விஷயத்த வச்சிக்கிட்டு என்னை ரெண்டு தடவை கோர்ட்டுக்கு இழுத்தாங்க.

என் லோரிக்குக் கட்சி கிடையாது. கோலா சிலாங்கூர்ல இருந்து சுங்கை பெசார் வரைக்கும் எல்லாக் கட்சி செராமா, அதான் பேச்சுக் கூட்டம், அதுக்கும் நான்தான் கெமா போட்டிருக்கேன். சனிக்கிழமை இவங்க மேடை, ஞாயித்துக்கிழமை அவங்க மேடை, ரெண்டுக்கும் அதே துணி, அதே நாற்காலி. ஒரு தடவை அவசரத்துல முதல் நாள் கட்டின கொடித் துணி ஒண்ணு இரும்புக் காலுல மாட்டிக்கிட்டே வந்து, மறுநாள் எதிர்க்கட்சி மேடையில பறந்திருக்கு. சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. அந்தக் காலத்துல அப்படிச் சிரிக்க முடிஞ்சுச்சு.

டீச்சர் எங்க பழைய எஸ்டேட்ல ஆளுங்கள வேலை வாங்கின மண்டோரோட மக. எஸ்டேட்ட வித்து, வரிசை வீட்டு லயத்தையெல்லாம் இடிச்சு எங்களை இந்தத் தாமான் குடியிருப்புக்கு அனுப்பினதுக்கு அப்புறம், இங்கயே ஒரு பாலர் பள்ளி நடத்திக்கிட்டு இருந்தாங்க. என்னைவிட வயசுல சின்னவங்கதான், ஆனா என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் அ ஆ சொல்லிக் குடுத்தவங்க, அதனால எனக்கும் டீச்சர்தான். வீட்டு கிராண்ட், அதான் பட்டா, இன்னும் கைக்கு வராதவங்க, தண்ணி வராதவங்க, எல்லாரும் அவங்ககிட்டதான் போவாங்க. அடுத்த தேர்தல்ல அவங்கதான் நிக்கப்போறாங்கன்னு ஊருக்கே தெரியும். அப்போ அவங்க கட்சி எதிர்க்கட்சி.

ஆளுங்கட்சிக்கு எங்க பக்கம் கிளைத் தலைவரா இருந்தவன் என்னோட லயத்துக்காரன். அப்போ எங்க வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவுல ஒரு பலகைச் சுவருதான். இப்ப சாக்கடை சுத்தம் பண்ற கான்ட்ராக்ட்டு எடுக்குறான், கழுத்துல சங்கிலி, ஊரே அவனைத் தலைவரேன்னு கூப்பிடும். நான் மட்டும் டேய்னுதான் கூப்பிடுவேன். அவனுக்கும் அந்த சீட்டு மேல கண்ணு.

டீச்சரோட அப்பா தவறிப்போனாரு. அன்னிக்கே கெமா போட்டேன். பதினாறாம் நாள் கருமாதிக்கும் போடணும்னு சொல்லி, ரெண்டு நாளுக்கு முன்னாடி டீச்சரே போன் பண்ணாங்க.

"அண்ணே, மைக் வேணும்ண்ணே. தேவாரம் பாட ஆளு வர்றாங்க. அதோட பெரிய ஸ்பீக்கரும் வைங்க. பாடி முடிச்சதும் எங்க கட்சி ஆளுங்க பேசுவாங்க, நானும் பேசணும். சனம் இப்படி ஒண்ணா எப்பண்ணே கூடும்?"

எனக்கு அது தப்பாப் படல. எங்க ஆளுங்க ஒண்ணு சேர்றதே கல்யாணத்துலயும் சாவுலயும்தான். கருமாதியில படையல் முடிஞ்சதும் செத்தவரப் பத்தி நாலு பேரு எந்திரிச்சுப் பேசுறது எங்க பக்கத்துப் பழக்கம். அப்படிப் பேச வர்றவன் அப்படியே கோயில் கமிட்டி, ஸ்கூல் கமிட்டி, எலெக்சன்னு இழுத்துக்கிட்டுப் போறதும் பழக்கம்தான். வாயைப் பொத்த முடியுமா?

டீச்சர் அப்பாவப் பத்திப் பேசினாங்க. மழையில நனைஞ்சுக்கிட்டே செம்பனைக் காட்டுல வேலையாளுங்க பேரு கூப்பிடுவாரு, யாரையும் அடிச்சது கிடையாதுன்னு சொன்னாங்க. அடிச்சிருக்காரு, என் அப்பாவையே அடிச்சிருக்காரு, ஆனா கருமாதியில அதெல்லாம் யாரு பேசுவா. அப்படியே கிராண்டுக்கு வந்து, தண்ணிக்கு வந்து, கடைசியா "வர்ற தேர்தல்ல நான் நிக்கிறேன், அப்பா ஆசீர்வாதமும் உங்க ஓட்டும் வேணும்"னு முடிச்சாங்க. சனம் கை தட்டிருச்சு. என் வீட்டுக்காரி என் தொடையில கிள்ளி, "சாவு வீட்ல கை தட்டுதுங்க பாரு, கேடு கெட்டதுங்க"ன்னா. அவளும் தட்டினா, நான் பார்த்தேன்.

எவனோ போன்ல படம் பிடிச்சு விட்டுட்டான். மறுநாளே என் லயத்துக்காரன் போய் போலீஸ்ல ரிப்போர்ட் போட்டுட்டான். போலீசுக்கு முன்கூட்டியே சொல்லாம அரசியல் கூட்டம் நடத்தினாங்கன்னு கேசு. சட்டத்துல சாவு வீட்டுக்கெல்லாம் விலக்கு உண்டாம். அதனால அது கருமாதியா, இல்ல கருமாதிய சாக்கா வச்சு ஏற்பாடு பண்ணின கூட்டமாங்கிறதுதான் பேச்சு. டீச்சர் தரப்புல, தேவாரத்துக்கு வச்ச மைக், துக்கத்துல வாய்க்கு வந்தத பேசிட்டாங்கன்னு சொல்லப் போறாங்க. அதை உடைக்கணும்னா, முன்னாடியே திட்டம் போட்டுத்தான் பேசினாங்கன்னு எவனாவது சொல்லணும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளு நான்.

வந்த போலீஸ் ஆபீசர் மலாய்க்காரப் பையன், ரொம்பத் தன்மை. வாசல்லயே சப்பாத்தக் கழட்டினான், வீட்டுக்காரி போட்ட பால் இல்லாத தே ஓவ மிச்சம் வைக்காமக் குடிச்சான். "அங்கிள், மைக் யாரு கேட்டது?"ன்னு ஒரே கேள்விதான். நான் டீச்சர்தான்னு சொல்லி நிறுத்திக்கிட்டேன். எதுக்குன்னு கோர்ட்ல கேப்பாங்க அங்கிள்னு சொல்லிட்டு, கையக் குலுக்கிட்டுப் போனான்.

அவன் போனதும் வீட்டுக்காரி ஆரம்பிச்சுட்டா. "ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டு வாயேன். கடைக்குப் போனா வாங்கச் சொன்னதுல பாதிய மறந்துட்டு வர்ற ஆளுதானே, கோர்ட்லயும் மற."

டீச்சரும் வந்தாங்க. உக்காரக்கூட இல்ல. "மைக் தேவாரத்துக்குத்தான்னு சொல்லுங்கண்ணே. அது பொய் இல்லையே. குறிப்பிட்ட அளவுக்கு மேல அபராதம் போட்டுட்டாங்கன்னா நான் நிக்கவே முடியாது. அவங்களுக்கு வேண்டியது அதுதான்"னாங்க. அவங்க சொன்னது அத்தனையும் சரி. சாப்பிட்டுப் போங்கன்னு சொன்னேன், வேற என்னத்தச் சொல்ல.

அந்தச் சூட்டோட நேரா ரோட்டோர ஒட்டுக்கடைக்குப் போனேன். என் லயத்துக்காரன் ரொட்டி சானாய பிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான்.

"ஏன்டா, கருமாதிக்காடா ரிப்போர்ட் போடுவ? வெக்கமா இல்ல?"

"கேசு போட்டது நானா? அரசாங்கம் போட்டுச்சு. அவங்ககிட்ட கேளு."

"உன் பேரன் காதுகுத்துல உங்க வேட்பாளர் வந்து ஒரு மணி நேரம் பேசினாரே, அதுக்கு எவன்டா முன்கூட்டியே சொன்னான்?"

"அது குடும்ப விசேஷம்லா."

"இது என்ன, மாநாடா?"

அவன் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே எனக்கும் சேர்த்து ஒரு ரொட்டி சொன்னான். நான் சாப்பிடாம வந்துட்டேன்.

கோர்ட்ல தமிழ்லயே சொல்றேன்னு சொல்லிட்டேன். எனக்கு மலாய் நல்லாவே வரும், ஆனா கோவம் தமிழ்லதான் ஒழுங்கா வரும். மொழிபெயர்க்க ஒரு அம்மா இருந்தாங்க. அரசாங்க வக்கீல் கேட்டாரு: மைக் யாரு கேட்டது, கேக்கும்போது என்ன சொன்னாங்க? நான் ஒண்ணும் அரிச்சந்திரன் இல்ல. லோரி இன்னும் வீட்ட விட்டே கிளம்பாம இருக்கும்போது, இதோ பாதி வழியில வந்துட்டேன்னு தினமும் போன்ல சொல்றவன். ஆனா அந்தக் கூண்டுல நின்னு, டீச்சர் போன்ல சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருக்க, இல்லன்னு சொல்ல நாக்கு புரளல. சனம் ஒண்ணா எப்பக் கூடும்னு கேட்டாங்க, அவங்க பேசணும்னு சொன்னாங்கன்னு, அப்படியே சொல்லிட்டேன். டீச்சர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அதோட இறங்கியிருக்கலாம். வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தேனா? வக்கீல் போதும்னு உக்காரும்போது எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "ஐயா, நான் இன்னும் முடிக்கல. ரிப்போர்ட் போட்டாரே அந்தக் கிளைத் தலைவரு, அவரு பேரன் காதுகுத்துக்கும் நான்தான் மைக் வச்சேன். அவரே போன் பண்ணி, எங்க வேட்பாளர் பேசணும், ரெண்டு தெரு தள்ளிக் கேக்குற மாதிரி ஸ்பீக்கர் வையின்னு சொன்னாரு. பிள்ளை காதுல ரத்தம் வந்து கத்துது, வேட்பாளர் பாட்டுக்கு ரோடு போட்டுத் தரேன்னு பேசிக்கிட்டு இருக்காரு. போலீசுகூட பிரியாணி சாப்பிட்டுத்தான் போச்சு. அதுக்கு யாரு மேல கேசு?"

அந்த மொழிபெயர்க்கிற அம்மா ஒரு வார்த்தை விடாம மலாய்ல சொன்னாங்க, பிரியாணியச் சேர்த்து. பின்னாடி உக்காந்திருந்தவங்க சிரிச்சுட்டாங்க. மாஜிஸ்ட்ரேட்டும் ஒரு பொண்ணுதான், கோவப்படல. அது இந்த வழக்குக்குச் சம்பந்தம் இல்ல, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னு சொல்லி என்னை இறக்கி விட்டாங்க. வெளிய வந்ததும் ரெண்டு பேரு என் முதுகுல தட்டி, நல்லாக் கேட்டீங்க அங்கிள்னு சொன்னாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பெருமை. பொய் சொல்லல, ஆனா நியாயத்தையும் விடலன்னு நினைச்சேன்.

டீச்சருக்கு அபராதம் அந்த அளவுக்கு மேலயே விழுந்துச்சு. மேல்முறையீடு போட்டாங்க, அது முடியறதுக்குள்ள வேட்புமனு நாள் வந்து போயிருச்சு. அவங்க நிக்கல. அவங்க கட்சி வெளியூர்ல இருந்து ஒரு வக்கீலக் கொண்டாந்து நிறுத்துச்சு, அந்த ஆளுக்கு எங்க தாமானுக்கு வழியே தெரியல, தோத்தாரு. என் லயத்துக்காரனுக்கும் அவன் கட்சி சீட்டு குடுக்கல, அது வேற கதை. டீச்சர எங்க பார்த்தாலும், "பரவாலண்ணே, நீங்க என்ன செய்வீங்க"ன்னு சொல்லுவாங்க. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நான் நல்லாத் தூங்கியிருப்பேன். அவங்க பாலர் பள்ளிப் பக்கம் போகாம, லோரியச் சுத்து வழியில ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் ஆட்சி மாறிச்சு. எப்படி மாறிச்சு, யாரு யாரோட சேர்ந்தாங்கன்னு என்னைக் கேக்காதீங்க, பேப்பர் படிக்கிறவனுக்கே தலை சுத்தும். டீச்சரோட மேல்முறையீட்டுக்கு நாள் வந்தப்ப அரசாங்க வக்கீலு எதிர்க்கவே இல்லயாம். அதே சட்டம், அதே சாட்சி, அதே நான், ஆனா இப்ப குற்றம் இல்லன்னு ஆயிருச்சு. அடுத்த தேர்தல்ல டீச்சர் நின்னாங்க, ஜெயிச்சாங்க. வெற்றி விழாவுக்கு நான்தான் கெமா போட்டேன். சந்தோஷத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, அதையும் சொல்லணும். என் வாயால கெட்டது சரியாயிருச்சேன்னு இருந்துச்சு.

கொஞ்ச மாசம் போனதும், அதே ஆபீசர் பையன் வந்தான். இப்ப தோள்ல ஒரு பட்டை கூடியிருந்துச்சு. அதே மாதிரி சப்பாத்தக் கழட்டினான், அதே மாதிரி தே ஓ குடிச்சான்.

"அங்கிள், போன தடவை கோர்ட்ல ஒரு காதுகுத்து பத்திச் சொன்னீங்க. புகார் வந்திருக்கு. அதுக்கு மைக் யாரு கேட்டது?"

எனக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும், அது எப்பவோ நடந்தது தம்பி, அந்தப் பையன் இப்ப ஸ்கூலுக்குப் போறான்னு சொன்னேன். அதனால என்ன அங்கிள், நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னது பதிவுல இருக்கேன்னு அவன் தன்மையாத்தான் சொன்னான்.

என் லயத்துக்காரன் அடுத்த தடவை எப்படியும் நிக்கிறதா இருந்தான். இந்தத் தடவை அவன் கட்சியும் சரின்னு சொல்லியிருந்துச்சு. இதுல அபராதம் விழுந்தா அவ்வளவுதான், அவனும் நிக்க முடியாது.

மறுநாள் டீச்சரோட சேவை மையத்துக்குப் போனேன். வெளிய நாற்காலி நிறைய ஆளுங்க. என்னைப் பார்த்ததும் உள்ள கூப்பிட்டாங்க, தண்ணி குடுத்தாங்க, மரியாதைக்கெல்லாம் ஒரு குறையும் இல்ல.

"டீச்சர், இது நீங்க செஞ்சதா?"

"நான் யாருக்கும் போன் போடலண்ணே. எங்க இளைஞர் பகுதிப் பிள்ளைங்க புகார் குடுத்திருக்காங்க. நான் தடுக்கல, அவ்வளவுதான்."

"தடுங்க டீச்சர். பிள்ளை காதுகுத்துக்கு யாராச்சும் கேசு போடுவாங்களா? உங்களுக்கு அந்த வலி தெரியாதா?"

"வலி தெரியுறதாலதான்ண்ணே. எங்க அப்பா கருமாதிய அவன் நாறடிச்சான். அவனுக்கு மட்டும் ஏன் கேசு இல்லன்னு கோர்ட்லயே கேட்டது நீங்கதானே? நாங்க யாரும் கேக்கல. நீங்க கேட்ட கேள்விக்கு இப்பப் பதில் வந்திருக்கு."

நான் கேட்டது, டீச்சரையும் விடுங்கன்னு. அவங்க எடுத்துக்கிட்டது, இவனையும் பிடிங்கன்னு. இதைச் சொல்லத் தெரியாம உக்காந்திருந்தேன். வெளிய ஆளு காத்திருக்காங்கண்ணேன்னு டீச்சர் எந்திரிச்சாங்க. நானும் எந்திரிச்சேன்.

வீட்டுக்காரி இந்தத் தடவை கேலி பண்ணல. "போன தடவையே மறந்து தொலைச்சிருக்கலாம்"னு மட்டும் சொன்னா. இப்ப மறந்துட்டேன்னும் சொல்ல முடியாது. அன்னிக்குச் சத்தியம் பண்ணி அவ்வளவு நீளமா ஞாபகம் வச்சுச் சொன்னவன் இன்னிக்கு மறந்துட்டேன்னு சொன்னா, பொய்ச் சாட்சின்னு என் மேலயே கேசு வரும்.

கோர்ட்டு வராந்தாவுல என் லயத்துக்காரன் பெஞ்சுல தனியா உக்காந்திருந்தான். தலைவரேன்னு கூப்பிட்ட கூட்டத்துல ஒரு ஆளக்கூடக் காணோம். மக மட்டும் தள்ளி நின்னு யார்கிட்டயோ போன் பேசிக்கிட்டு இருந்தா. நான் போய் பக்கத்துல உக்காந்தேன்.

"கேட்டா சொல்லிருவ, இல்ல?"

"என்னடா செய்யச் சொல்ற?"

"ஒண்ணும் செய்ய வேணாம்." அவன் முகத்தத் துடைச்சுக்கிட்டான். "டீச்சர் கேசுல உன்னைச் சாட்சிக்குப் போடச் சொல்லி போலீஸ்கிட்ட சொன்னதே நான்தான். எவனோ ஒருத்தன கூட்டிட்டு வந்து பொய் சொல்ல வச்சா, வக்கீலு குறுக்குக் கேள்வியில கிழிச்சிருவான். உன்னை ஒண்ணும் பண்ண முடியாது. நீ உள்ளதச் சொல்ற ஆளுன்னு சின்ன வயசுல இருந்து எனக்குத் தெரியும்லா. இப்ப அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

அவன் குரல்ல கோவமே இல்ல. அதுதான் என்னை அறுத்துச்சு. இவ்வளவு நாளும் நான் எந்தப் பக்கமும் சாயாதவன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதனாலதான் ரெண்டு பக்கமும் என்னை எடுத்துப் பயன்படுத்துறாங்கன்னு அந்தப் பெஞ்சுலதான் விளங்குச்சு.

உள்ள கூப்பிட்டாங்க. மொழிபெயர்க்க அதே அம்மா. என்னை அடையாளம் தெரிஞ்சு லேசாச் சிரிச்சாங்க. காதுகுத்துக்கு மைக் யாரு கேட்டதுன்னு வக்கீலு கேட்டாரு. அவன் பேரச் சொன்னேன். எதுக்குன்னாரு, சொன்னேன். வேற ஏதாவது சொல்லணுமான்னு மாஜிஸ்ட்ரேட் கேட்டாரு, இந்தத் தடவை ஒரு ஆம்பள.

சொல்றதுக்கு இருந்துச்சு. டீச்சர் ஜெயிச்சதுக்கு அப்புறம் அவங்க ஆளுங்க வீட்டு விசேஷத்துக்கு எத்தனை மைக் போயிருக்கு, யாரு யாரு கேட்டாங்க, என்னென்ன பேசினாங்க, எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அந்த அம்மா மொழிபெயர்க்கத் தயாரா என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. ஒண்ணும் இல்லங்கையான்னு சொல்லிட்டு இறங்கினேன்.